ஒரு நாள் முந்திப் போனோம்

போனவர்கள்: நான். என் பெண்சாதிக்கு அண்ணன் ஆறுமுகம், எனக்கு மச்சான். என் அக்கா பேச்சியம்மாள். ஒரு தலையணை. தலையணையை ஆள் கணக்கில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது, வரும்.

வராதவர்கள் இரண்டு பேர். என் பெண்சாதிக்கு முறைக்காய்ச்சல். என் மகள் வடிவு வரக்கூடாது. அவள் காரியமாகத்தான் போனோம்.

எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்கள். வெளிதேசம் போய்வந்தவன் அதில் எழுத வேண்டும் என்று செக்ரட்டரி வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். கண்டதை எழுது, வாழ்க்கைக்குக் கிடைத்த படிப்பினையை எழுது, பின்னால் வருகிறவர்களுக்கு ஆகும் என்கிறார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சுண்ணாம்புக் காளவாசல் வைத்திருக்கிறேன். சுக்கான்கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு ஆகும், அதுதான் எனக்குத் தெரிந்த படிப்பினை. கேட்டுவிட்டார், எழுதுகிறேன்.

திருவனந்தபுரம் வெளிதேசமா என்று கேட்பவர்கள் எல்லையில் போய் நின்று பார்க்கட்டும். வேறு ராஜா, வேறு காசு, வேறு தபால். மூட்டையை அவிழ்த்துக் காட்டாமல் உள்ளே விடமாட்டான். இதற்குமேல் என்ன வேண்டும்.

காரியம் இது. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை அடுத்து நம் பக்கத்து ஜனங்கள் தலைமுறையாக இருக்கிறார்கள். அங்கே கோமதியம்மாள் என்று ஒரு விதவை. ஒரே மகன் நடராஜன், இரும்புக் கடையில் ஆணி நிறுக்கிறான். தை மாதமே அவர்கள் பக்கத்தார் வந்து வடிவைப் பார்த்துவிட்டார்கள். பிடித்துவிட்டது. இனி நாங்கள் போய் வீட்டைப் பார்த்து அங்கே கை நனைக்க வேண்டும். கை நனைப்பது என்றால் அந்த வீட்டு இலையில் உட்கார்ந்து சாப்பிடுவது. சாப்பிட்டால் சம்பந்தம் சரி என்று அர்த்தம். சாப்பிடாமல் எழுந்தால் இல்லை என்று அர்த்தம். எங்களில் அதற்குமேல் பேச்சு கிடையாது.

இதற்கு முன் இரண்டு இடங்களில் நான் எழுந்து வந்திருக்கிறேன். கயத்தாற்றில் எனக்குப் பாய் போடாமல் மாப்பிள்ளையின் சித்தப்பனுக்கு முதலில் போட்டார்கள். எழுந்துவிட்டேன். கடம்பூரில் ஒருவன், "கல்லைச் சுடறவருக்குக் கறிவேப்பிலை வாசம் தெரியுமா" என்று சிரித்தான். எழுந்துவிட்டேன். இரண்டு தடவையும் ஊரில் என்னை ரோஷக்காரன் என்றார்கள். வடிவு ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு இருபத்துமூன்று வயது ஆகிவிட்டது. அவளோடு விளையாடிய பிள்ளைகள் இடுப்பில் குழந்தையோடு தண்ணீருக்கு வருகிறார்கள். இதுவும் போனால் வேறு இடம் இல்லை.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து கடுதாசி வந்தது. மேடம் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை வரவும் என்று எழுதியிருந்தது. மேடம் என்பது நம்முடைய சித்திரை. எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் சித்திரை பத்து வியாழக்கிழமை. மச்சானிடம் காட்டினேன். மச்சான் மூன்று தடவை திருவனந்தபுரம் போனவர். போனவர் என்பதைத் தினமும் சொல்கிறவர்.

"கெழமையத் தப்பாப் போட்டுட்டான் மாப்ளே. இரும்புக் கடைக்காரனுக்குக் கெழமை எதுக்கு? தேதிய நம்பும், கெழமைய நம்பாதேயும். வாழ்க்கையில இது ஒரு பாடம்."

நானும் சிரித்தேன். கிழமை தெரியாத ஆட்கள் என்று நானும் சொன்னேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

புதன்கிழமை புறப்பட்டோம். பர்மா அரிசி நின்றுபோன யுத்த காலம். பெட்ரோலும் கிடையாது. பஸ்ஸின் பின்னால் ஒரு பீப்பாயைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டுகிறார்கள். காளவாசல்காரனுக்கு அது பார்த்த சமாசாரம்தான். ஆனால் நான் காளவாசல்மேல் ஏறிச் சவாரி போவதில்லை. மேடு வந்தால் பஸ் நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். கிளீனர் பின்னால் போய்க் கம்பியால் பீப்பாயைக் குத்துவான். கரித்தூள் பறக்கும். மச்சான் சம்பந்தி வீட்டுக்குப் போகிறோம் என்று சலவை வேட்டி கட்டியிருந்தார். ஆரல்வாய்மொழி வருவதற்குள் அது என் காளவாசல் ஆள் கட்டுகிற வேட்டி மாதிரி ஆகிவிட்டது.

"தள்ளுறது நல்லதுதான்" என்றார் மச்சான், மூச்சு வாங்கிக்கொண்டே. "உழைச்சு முன்னேறணும்னு பஸ்சே சொல்லுது பாரும்."

"காசு குடுத்தது உக்காரதுக்கு. ஒமக்குப் புத்தி சொல்ல ஒரு ஓட்ட பஸ்சு வேணுமாக்கும்" என்றாள் அக்கா. அவள் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை.

எல்லையில் சோதனை. அரிசி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகக்கூடாது. எங்களிடம் மூட்டை ஒன்று, வெற்றிலைப் பெட்டி ஒன்று, தலையணை ஒன்று. தலையணைக்குள் மச்சான் இரண்டு படி பச்சரிசி வைத்துத் தைத்திருந்தார். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது, அதுவும் ஒரு பாடம். சேவகன் மூட்டையைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். தலையணையைக் கையில் எடுத்தான், கீழே வைத்தான். மறுபடியும் எடுத்தான்.

"இதில் எப்படி ஐயா தூங்குவீர்கள்" என்று மலையாளத்தில் கேட்டான்.

"எனக்குக் கழுத்து வலி" என்றார் மச்சான்.

"எங்கள் ஊரில் எல்லாருக்கும் வயிற்று வலி" என்றான் சேவகன். தையலைப் பிரித்தான். எங்களுக்குப் பின்னால் நின்ற ஜனங்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அரிசியைப் பார்த்தார்கள். சேவகன் அரிசியை எடுத்துக்கொண்டு உறையை மட்டும் திருப்பித் தந்தான். இதில் படிப்பினை கேட்கிறவர்களுக்கு: தலையணையில் பஞ்சு வை.

அன்று நாகர்கோவிலில் தங்கினோம். மறுநாள் வியாழன், வெயில் ஏறின பிறகு திருவனந்தபுரம். எங்கே பார்த்தாலும் பச்சை. கரிசலில் பிறந்தவனுக்குக் கண் கூசுகிறது. இத்தனை மரம், இத்தனை தண்ணீர், ஆனால் சோறு இல்லை. சாலைக் கடைத்தெருவில் அரிசிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சாக்குகள் மடித்து அடுக்கியிருக்கின்றன. கடைக்காரர்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ரேஷன் கடை வாசலில் மட்டும் கூட்டம். அந்தக் கூட்டமும் வெள்ளை வேட்டி கட்டி, தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவி நிற்கிறது. பசிக்கு நிற்பவன் இவ்வளவு சுத்தமாக நின்று நான் பார்த்ததில்லை. எனக்கு அது வீம்பாகப் பட்டது.

தமிழர் ஒருவர் நடத்தும் சாப்பாட்டுக் கிளப்பில் மூட்டையை வைத்தோம். அங்கேயே மாடியில் படுக்க இடம் உண்டு. முகம் கழுவி, மச்சான் வேறு வேட்டி கட்டி, சம்பந்தி வீடு தேடிப் போனோம்.

இரும்புக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. ஓட்டு வீடு. செங்கல் நிறத்தில் பெரிய பெரிய வெட்டுக்கல் வைத்துக் கட்டிய சுவர். இடுப்பளவுக்குத்தான் சுண்ணாம்பு பூசியிருந்தது. சிப்பிச் சுண்ணாம்பு. வெள்ளை உண்டு, பிடிப்பு இல்லை. பாதியில் நிறுத்திவிட்டார்களே என்று மனதுக்குள் ஒரு குறை எழுதிக்கொண்டேன்.

கோமதியம்மாள் வாசலுக்கு வந்தாள். மெலிந்த உடம்பு. கையில் கீரைக் கட்டு. எங்களைப் பார்த்து ஒரு நொடி அப்படியே நின்றாள்.

"வாங்க அண்ணாச்சி. வாங்க அக்கா. உள்ள வாங்க."

அந்த ஒரு நொடியை மச்சான் பிடித்துக்கொண்டார். என் விலாவில் இடித்தார்.

உள்ளே பாய் விரித்தாள். எனக்கு முதலில் விரித்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள், வெந்நீர். சீரகம் போட்டுக் காய்ச்சினது. சித்திரை வெயிலில் வந்தவனுக்கு வெந்நீர். இந்த ஊரில் அதுதான் மரியாதையாம்.

"மாப்பிள்ளை எங்க?" என்றார் மச்சான்.

"அவன் கழக்கூட்டத்துக்குப் போயிருக்கான். அங்கெ ஒருத்தர் வாழைக்கொலையும் தயிரும் தாறேன்னு பறஞ்சிருக்காரு. நாளைக்கு விடியத்தான் வருவான்."

"நாளைக்கா?"

"ஆமா, நாளைக்கு." எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. "நேரம் உச்சியாச்சு. இருக்கிறதத் தாறேன். கை கழுவுங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இலை போட்டாள். இலை பெரியது, தலைவாழை இலை. அதில் அவித்த மரச்சீனிக் கிழங்கைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் இடித்த மிளகாய். ஒரு சட்டியில் மீன் குழம்பு. அவ்வளவுதான். சோறு இல்லை.

எங்கள் பக்கம் மரச்சீனி, அதாவது மரவள்ளி, பன்றிக்குப் போடுவது. பெண் வீட்டார் முதல் முதலாக வந்திருக்கிறார்கள். ஆண்பிள்ளை ஒருவன் வீட்டில் இல்லை. மாப்பிள்ளை ஊரில் இல்லை. இலையில் கிழங்கு.

மச்சான் மெதுவாகச் சொன்னார், ஆனால் அவளுக்குக் கேட்கும்படி: "மதிக்காத எடத்துல ஒரு நொடி இருக்கக்கூடாது. வாழ்க்கையில மொதப் பாடம் அது." எழுந்துவிட்டார்.

நானும் எழுந்தேன். என்னை யாரும் இழுக்கவில்லை. கால் தானாக எழுந்தது, பழகின கால். மூன்றாவது தடவை.

கோமதியம்மாள் அடுப்படி நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை. அழவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு சந்தில் இறங்கினேன். சந்து முனையில்தான் திரும்பிப் பார்த்தேன். அக்கா இல்லை.

முனையில் நின்றோம். மச்சான் வெற்றிலை போட்டார். வெற்றிலை சப்பிப்போன பிறகும் அக்கா வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன பண்ணிக்கிட்டு இருந்த?" என்றேன்.

"தின்னுக்கிட்டு இருந்தேன்."

"எது? அந்தக் கெழங்கையா?"

"ஆமா. மூணு எலையிலயும் இருந்தத என்னால திங்க முடியல. ஒண்ணுதான் முடிஞ்சுச்சு. மீன் கொழம்பு நல்லாருந்துச்சுலே."

"மானம் இல்லையா ஒனக்கு?" என்றார் மச்சான்.

"பசி இருந்துச்சு" என்றாள் அக்கா.

கிளப்புக்கு வந்தோம். நல்ல மழை பிடித்துக்கொண்டது. சித்திரையில் மழை பெய்கிற ஊர். மழை விடுகிற மட்டும் மச்சான் விடவில்லை. ரோஷம் பற்றி, குலம் பற்றி, பெண்ணைக் கிழங்கு தின்கிற வீட்டில் தள்ளக்கூடாது என்பது பற்றி. பக்கத்துப் பெஞ்சில் இருந்த ஒரு பல் வைத்தியரும் சேர்ந்துகொண்டார். அவர் பங்குக்கு நாலு புத்திமதி சொன்னார். இந்த ஊரில் அரிசிதான் ரேஷன், புத்திமதி ரேஷன் இல்லை.

சாயங்காலம் சாப்பாடு கேட்கக் கீழே இறங்கினேன். கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு சிலேட்டு தொங்கியது. அதில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேடம் 9, வியாழன். இன்று சோறு கிடையாது.

"தேதி மாத்தலையா? இன்னைக்குப் பத்துல்லா" என்றேன் முதலாளியிடம். கடை நடத்துகிறவனுக்குத் தேதி தெரியவில்லை என்று ஒரு இளக்காரம் எனக்கு.

அவர் தலை நிமிராமல், "ஒங்களுக்குப் பத்து. இங்கெ ஒம்பது" என்றார்.

"அது எப்படி?"

"எல்லா வருஷமும் இல்ல, சில வருஷம் இப்பிடி வரும் அண்ணாச்சி. சூரியன் ராசி மாறுறது உச்சிக்கு மேலேன்னா, ஒங்க பஞ்சாங்கத்துல அன்னைக்கே மாசப்பெறப்பு. இவங்களுக்கு மறுநாத்தான். ஆக மாசம் பூரா ஒரு நாள் வித்தியாசம். தெக்க இருக்கவங்களுக்கு இது தெரியும். நீங்க வடக்கே போல இருக்கு." பிறகுதான் நிமிர்ந்தார். "என்ன, ஏதும் கோர்ட்டு வாய்தாவா?"

"இல்லை" என்றேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

மேடம் பத்து வெள்ளிக்கிழமை. அவன் கிழமையைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். நாளைக்குத்தான் எங்களை வரச்சொன்னது. நாளைக்கு விடிய மாப்பிள்ளை வருகிறான். நாளைக்குத்தான் சோறு. நாங்கள் அழைக்காத நாளில் போய், இருந்ததை வைத்த இலையிலிருந்து எழுந்து வந்திருக்கிறோம்.

மேலே போய் மச்சானிடம் சொன்னேன். அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு, "இருக்கட்டுமே. அதுக்காக நாம போய் நிக்கக்கூடாது மாப்ளே. அவங்க வரட்டும், கூப்பிடட்டும். எறங்கிப் போனா ஆயுசுக்கும் எளப்பம்."

"எந்தப் பாடத்துல இருக்கு அது?" என்றாள் அக்கா, படுத்தபடியே. "கெழமைய நம்பாதேங்கற பாடத்துக்கு அடுத்த பாடமா?"

நான் தோள்துண்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அந்தச் சந்துக்குக் கிளப்பிலிருந்து நடந்தால் கொஞ்ச தூரம்தான். மூன்று இடத்தில் நின்றேன். வாழ்நாளில் எழுந்து வந்த இடத்துக்கு நான் திரும்பிப் போனதில்லை. அதற்கு எப்படி நடக்க வேண்டும் என்றே தெரியவில்லை. இரும்புக் கடைகளை அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மலையாளத்தில் இன்னொருவனிடம், "தமிழன் வழி தெரியாமல் நிற்கிறான்" என்றான். வழி தெரியும்.

கோமதியம்மாள் விளக்கு வைத்திருந்தாள். வாசலிலேயே நின்று சொன்னேன்.

"எங்க பஞ்சாங்கத்துல இன்னைக்குப் பத்து. அதான் வந்தோம். தப்பு எங்களோடது."

கோமதியம்மாள் என்னைப் பார்த்தாள். "அதா சங்கதி" என்றாள். வாசலை விட்டு விலகி நின்று, "நான் வேற மாதிரி நெனச்சேன்" என்றாள்.

"என்னன்னு?"

"முந்தின நாளே வேணும்னுதான் வந்திருக்கீங்கன்னு. பெண் குடுக்கிறவங்க அப்பிடித்தானே. விருந்து அன்னைக்கு எல்லா வீட்டுலயும் சோறு இருக்கும். மத்த நாளு என்ன திங்காங்கன்னு பாக்க வந்திருக்காங்க, செரி, அதும் நல்லதுதான். பாத்துட்டே போகட்டும்னு, நாங்க திங்கதயே எலையில வச்சேன். ஒளிச்சு வச்சு நாளைக்கு அந்தப் பிள்ளைய ஏமாத்தாண்டாம் அல்லே."

என் பெண்ணுக்காக அவள் யோசித்த அளவு நான் யோசிக்கவில்லை.

"நாங்க எந்திரிச்சு வந்துட்டோம்" என்றேன். "முறைப்படி அது…"

"ஒங்க அக்கா எந்திரிக்கலையே. கை நனச்சுட்டுத்தானே போனாங்க. ஒரு எலை முழுசும் தின்னு, ரெண்டாமதும் கொழம்பு கேட்டு வாங்கித் தின்னாங்க. பெண் வீட்டாரு கை நனச்சாச்சு. அதான் நானும் உளுந்து ஊறப்போட்டேன்." அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினாள். ஒரு பாத்திரத்தில் உளுந்து ஊறிக்கொண்டிருந்தது.

நான் போகத் திரும்பினேன்.

"ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி. தப்பா எடுக்கக்கூடாது."

"கேளுங்க."

"ஒங்க மகளும் இப்பிடியா? மனசுக்குப் பிடிக்கலேன்னா எலையிலேருந்து எந்திரிச்சுப் போயிருவாளா? என் மகன் சாது. அவனால ஓடிப் பிடிக்க முடியாது."

வேறு யாராவது கேட்டிருந்தால் நான்காவது தடவை ஆகியிருக்கும். நின்றேன்.

"அவ என்னை மாதிரி இல்ல" என்றேன். "இதுக்கு முந்தி ரெண்டு எடம் வந்துச்சு. ரெண்டையும் நான்தான் எந்திரிச்சு வந்து கெடுத்தேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அவ ஒரு வார்த்தை சொல்லல. பாயி முந்திப் போடலங்கறதுக்கு ஒண்ணு, ஒரு சிரிப்புக்கு ஒண்ணு. அவ அப்பிடிப் போறவளா இருந்தா மொதல்ல என்னை விட்டுத்தான் போயிருப்பா."

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசினது கிடையாது. பெண்சாதியிடமும் இல்லை.

அவள் விளக்குத் திரியைத் தூண்டினாள். பிறகு, "நாளைக்கு உச்சிக்கு வாங்க. வெள்ளிக்கெழமை. ராகுகாலம் கழிச்சு" என்றாள்.

செக்ரட்டரி கேட்ட படிப்பினை இதுதான் என்றால் எடுத்துக்கொள்ளட்டும்: எழுந்திருக்கிறவன் எழுந்திருக்குமுன் ஒரு கேள்வி கேட்கட்டும். என்ன தேதி என்றாவது கேட்கட்டும். ரோஷக்காரன் என்று ஊர் சொல்வது சுகமாக இருக்கும். அந்தச் சுகத்துக்கு வேறொருத்தி வயசு செலவாகும். இது புத்தகத்தில் இருக்கிறதோ இல்லையோ, தெரியாது. எனக்கு இதைச் சொல்ல ஆள் இருந்தார்களா என்று கேட்டால், இருந்தார்கள். காது இல்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் பெரிய கோயிலுக்குப் போனேன். சட்டையைக் கழற்றச் சொல்கிறார்கள். கழற்றினேன். சாமி படுத்திருக்கிறார். தலை ஒரு வாசலில், நடு ஒரு வாசலில், கால் ஒரு வாசலில் தெரிகிறது. முழுசாக ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியாது. பின்னால் நின்றவர் அதற்கு ஒரு தத்துவம் சொல்ல ஆரம்பித்தார். நகர்ந்துவிட்டேன்.

மச்சான் வரமாட்டேன் என்றார். அக்கா, "வர வேண்டாம். தலையணை உறைக்குக் காவலா இரும்" என்றாள். வந்துவிட்டார்.

நடராஜன் வந்திருந்தான். ஒடிசலான பையன், ஆணி பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. தலை குனிந்தே நின்றான். வாழைக்குலையை அவனே கழக்கூட்டத்திலிருந்து தோளில் சுமந்து வந்திருக்கிறான். பஸ் வழியில் நின்றுவிட்டதாம்.

"தள்ளினீரா?" என்று கேட்டேன்.

"தள்ளினேன். போகல்ல. அதுகொண்டு நடந்தேன்" என்றான்.

பஸ் அவனுக்கு ஏதும் பாடம் சொன்னதாக அவன் சொல்லவில்லை. எனக்குப் பையனைப் பிடித்துவிட்டது.

இலை போட்டார்கள். தெருவில் பெரியவர்கள் ஐந்தாறு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். வடை, அவியல், மாங்காய், தயிர். தேங்காயெண்ணெய் வாசம்தான், ஆனால் கைப்பக்குவம் இருந்தது. சோறு வந்தது. சூடான சோறு, ஆவி பறந்தது. கையை வைத்துப் பார்த்தால் ஒரு தினுசாக இல்லை. சிவப்புப் பருக்கை, வெள்ளைப் பருக்கை, மொத்தை அரிசி, குருணை. சிலது குழைந்திருந்தது, சிலது விதை விதையாக நின்றது.

மச்சான் என் காதில், "சோறு பொங்கத் தெரியல. நாலு அரிசியக் கலந்து பொங்குவாளா ஒருத்தி?" என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் இந்தத் தடவை சாப்பிட்டேன். இலையில் ஒரு பருக்கை வைக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்து நாள் குறித்தார்கள். ஆவணி ஏழு என்றார் ஒரு பெரியவர்.

"எந்த ஆவணி? யாரு பஞ்சாங்கம்?" என்றாள் அக்கா. "தேதி வேண்டாம். கெழமையச் சொல்லுங்க. எங்க ஆளுகளுக்குத் தேதி தெரியாது."

பெரியவர்கள் சிரித்தார்கள். நடராஜன்கூடச் சிரித்தான். மச்சான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தார், ஒரே வெற்றிலைக்கு. ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று.

வாய் கொப்பளிக்கப் பின்புறம் போனேன். கிணற்றடியில் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்ததைத் துவைகல்மேல் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஒரு செம்பு, ஒரு தகர டப்பா, ஒரு பித்தளை உழக்கு, ஒரு சிரட்டை, காது உடைந்த ஒரு குவளை, இன்னும் இப்படிப் பல. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத பாத்திரங்கள். விருந்துப் பாத்திரம் மாதிரி இல்லை.

"இதெல்லாம் என்ன?" என்றேன்.

அவள் மலையாளத்தில் சொன்னாள். நின்று நிதானமாகச் சொன்னதால் விளங்கியது. "அரிசி வந்த பாத்திரம். இவர்களுக்கு ரேஷனில் கிடைப்பது அம்மாவுக்கும் மகனுக்கும் கஞ்சிக்குத்தான் காணும். தமிழ்நாட்டிலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள், சோறு போடாமல் எப்படி என்று தெருவில் வீட்டுக்கு ஓர் உழக்கு கொடுத்தோம். அந்த வீடுகளில் இன்றைக்குக் கிழங்கு. சாயங்காலத்துக்குள் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவரவருக்கு இருப்பதே ஒன்று."

அவள் மறுபடியும் தேய்க்கக் குனிந்துவிட்டாள். நான் ஈரக் கையோடு நின்றேன். துவைகல்லில் இருந்ததை ஒரு முனையிலிருந்து எண்ணினேன். அவள் கையில் இருந்ததையும் சேர்த்தேன்.

பத்தொன்பது.